என் ரிவால்வருக்கு வந்த புதுச் சிலிண்டர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என் இடுப்பில் ஒரு ரிவால்வர் தொங்கும். கோயிலில் பிரசாதத்துக்கு உட்காரும்போது இதைச் சொன்னால் பக்கத்தில் இருக்கிற பெண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். எனக்கும் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

நானும் வீட்டுக்காரரும் டல்லாஸுக்கு வடக்கே மகள் வீட்டில் இருக்கிறோம். கோயமுத்தூரில் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். அவர் ஃபிட்டர். நான் ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை ஒட்டுகிறவள். ஓடுகிற கதிரில் நூல் அறுந்தால் கண் இமைப்பதற்குள் முனையைப் பிடித்து ஒட்டிவிட வேண்டும். என்னைவிட வேகமாக ஒட்டியவள் எங்கள் ஷிப்டில் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன், போகட்டும். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தமிழ் எழுத்துக் கூட்டி எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்த்தால் தெரியும், சேர்ந்து நின்றால் தெரியாது.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தம் சொன்னதும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கதவைத் தட்டும்போது "அக்கா வந்து" என்பார். அவ்வளவுதான் அவர் தமிழ். என் இங்கிலீஷும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் டெக்சாஸ்காரர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் மாதிரியே இழுத்து இழுத்து, மரியாதையாகப் பேசுவார்கள். எனக்கு முக்கால்வாசி புரிந்துவிடும். அவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே என் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்கள் கோயமுத்தூரில் பிறந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த அக்காதான் ஒரு சனிக்கிழமை, "சும்மா வேடிக்கை பாக்க வா" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். பார்த்தால், ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் எல்லாரும் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின உடுப்பில் நிற்கிறார்கள். ஆண்களுக்குப் பெரிய தொப்பி, தோல் பூட்ஸ். பெண்களுக்குத் தரையைத் தொடும் பாவாடை. எல்லார் இடுப்பிலும் பழைய பாணித் துப்பாக்கி. எதிரே வரிசையாக இரும்புத் தட்டுகள். சுட்டால் தட்டு கோயில் மணி மாதிரி கணீர் என்கிறது. கூடவே ஒரு பாரம் வெள்ளைப் புகை. நான் அன்றைக்கே அதில் விழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நானும் சுட வேண்டும் என்றேன். பழைய காலத்து உடுப்பு இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. நான் நெகமம் கைத்தறிச் சேலையில் போய் நின்றேன். சங்கத் தலைவர் ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், மீசையை மெழுகு போட்டு முறுக்கியிருப்பார். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"இந்தத் துணி எத்தன வருசத்துப் பழக்கமுங்கம்மா?"

"உங்க தொப்பிக்குப் பாட்டி" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அக்கா அதை அவருக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக் குனிந்தார். அதோடு சேலை பாஸ்.

இந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்ததுதான், வடிவம் மட்டும் பழைய காலத்தது. இதற்குத் தோட்டா கிடையாது. நடுவில் சுற்றுகிற சிலிண்டரில் ஆறு குழி இருக்கும். ஒவ்வொரு குழியிலும் கருமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கிற கம்பியை நெம்பி இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குழிக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன மூக்கில் ஒரு செப்புக் கேப்பைத் தொப்பி மாதிரி மாட்ட வேண்டும். மிளகளவுதான் இருக்கும் அது, விசையை அழுத்தினால் பின்னால் இருக்கிற சுத்தியல் அதை அடித்துத்தான் மருந்து பற்றும். பாதுகாப்புக்காக ஐந்து குழியைத்தான் நிரப்புவோம், ஒன்று காலியாகவே இருக்கும்.

கடையில் இரண்டு விதம் வைத்திருந்தார்கள். ஒன்று முழுக்க உருக்கு, கன்னங்கரேல் என்று. இன்னொன்றுக்கு உடம்புச் சட்டம் பித்தளை. பளபளவென்று விளக்கு மாதிரி இருந்தது. கடைக்காரர் உருக்குதான் நீடித்து உழைக்கும் என்று சொன்னார். எனக்கா பித்தளையைப் பற்றிச் சொல்வது? பித்தளையைத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தேன். அடுத்த சனிக்கிழமை வெயிலில் அதை உருவியபோது பக்கத்தில் நின்றவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

சுட்ட பிறகு கழுவுவதில்தான் எனக்கு நல்ல பெயர். கருமருந்து உள்ளே கரியாக அடைந்துவிடும். அன்றைக்கே சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் துரு. சங்கத்து ஆண்களுக்கு இந்த வேலை கசப்பு. நான் விறகடுப்பில் கரிப்பிடித்த பாத்திரம் தேய்த்து வளர்ந்தவள், எனக்கு இது கால் மணி நேர வேலை. மகள்தான் முதல் நாள் அலறினாள்.

"அம்மா, கிச்சன் சிங்க்ல கன்னா? சீரியஸ்லி?"

"பால் பாத்திரத்த அந்தப் பக்கம் வெச்சிருக்கேன் கண்ணு."

"அது இல்லம்மா பாயின்ட்டு!"

மிஷின் எண்ணெய் இந்தக் கரியோடு சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெய்தான் ஒத்துப்போகும். அக்கா ஆலிவ் எண்ணெய் போடுவார். நான் நல்லெண்ணெய். மருமகன் கராஜுக்குள் வந்தாலே, "யாரு எள்ளுருண்ட பண்றது?" என்று கேட்பார்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. போன வருஷம் வெயில் காலத்தில் என் விரல்கள் கோளாறு பண்ண ஆரம்பித்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும். நூலைப் பிடித்த அதே இரண்டு விரல்கள். மிளகளவு கேப்பை எடுத்தால் நழுவித் தரையில் விழும். குனிந்து எடுத்தால் இன்னொன்று விழும். நெம்புகிற கம்பியை அழுத்தவும் மணிக்கட்டு மாட்டேன் என்றது. எங்கள் சங்கத்தில் ஐந்து ஐந்து பேராக ஒரே மேசையில் நின்று துப்பாக்கியை நிரப்புவோம். ஐவரும் முடித்தால்தான் வரிசை நகரும். நான்கு பேர் முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் கேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மில்லில் என்றால் மேஸ்திரி கத்திவிடுவார், பதிலுக்கு நாமும் கத்தலாம்.

ஒருநாள் தலைவர் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கை ஒத்துழைக்கலீனா விட்டுடலாமுங்க. உங்களுக்கு நெழல்ல ஒரு சேர் போட்டுத் தரேன். யார் யார் எத்தன தட்டு அடிச்சாங்கன்னு நீங்க எழுதுங்க. ரொம்ப முக்கியமான வேலைங்க அது."

நல்ல மனதோடுதான் சொன்னார். சுட முடியாமல் போனவர்களுக்கெல்லாம் அந்த மேசையைத்தான் கொடுப்பார்கள், அது மரியாதை. ஆனால் அந்த மேசையில் இங்கிலீஷில் பேர் எழுத வேண்டும், நேரம் எழுத வேண்டும். சுடத் தெரிந்த இடத்திலிருந்து என்னை எழுப்பி, எழுதத் தெரியாத இடத்தில் உட்கார வைக்கிறார். இது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மரத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா காரை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, இறங்காமல் கேட்டார். "தோட்டா போட்டுச் சுட உனக்கு ஆட்சேபணை இருக்கா?"

அப்போதுதான் இந்தச் சிலிண்டரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். துப்பாக்கி செய்த கம்பெனி இதைச் செய்வதில்லை, வேறு ஆட்கள் தனியாகச் செய்து விற்கிறார்கள். பழைய சிலிண்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் போடலாம். கேப் மாட்டுகிற மூக்கு இதில் இருக்காது. அதற்குப் பதிலாகப் பின்னால் ஒரு தட்டு மூடி. மூடியைத் திறந்து, குழியில் தோட்டாவைப் போட்டு, மூடியை வைத்துத் துப்பாக்கிக்குள் தள்ளினால் முடிந்தது. சம்படத்தில் முறுக்கை அடுக்குகிற மாதிரி. தோட்டாவுக்குள்ளும் கருமருந்தே இருக்கும், அதனால் புகையும் சத்தமும் அதேதான். எங்கள் சங்கத்தில் அதற்கு அனுமதி உண்டு.

அடுத்த நாளே கடைக்குப் போனோம். நான், அக்கா, வீட்டுக்காரர். கடைக்காரர் என் பித்தளைத் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இதுக்குத் தர மாட்டேனுங்க. உருக்குச் சட்டத்துக்குத்தான் இது. பித்தள தோட்டாவோட ஒதைய வாங்காது, நாளாக நாளாக இழுத்துக்கும். கையில இருக்கறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா?"

எனக்குச் சுர்ரென்றது. "எங்க வீட்டுப் பித்தள அண்டா மூணு தலமுறையா இருக்குது" என்றேன்.

வீட்டுக்காரர் தமிழில் முணுமுணுத்தார். "அண்டாவுக்குள்ளார யாரு அம்மிணி வெடி வெச்சா?"

அவர் என் பக்கம் நிற்க வேண்டியவர். இருந்தாலும் ஃபிட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பித்தளை இளகும் என்பது எனக்கும் தெரியும். குடத்தின் கழுத்து எத்தனை முறை நசுங்கி ஒடுக்கெடுக்கிறவரிடம் போயிருக்கிறது! மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னதை நானேதான் வாங்கினேன். அவர் அதை நினைவுபடுத்தவில்லை. நல்ல மனிதர். அன்றைக்கே உருக்குத் துப்பாக்கி ஒன்றும், அதற்கான சிலிண்டரும் எடுத்துக்கொண்டேன். பித்தளை இப்போது கூடத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை துடைப்பதோடு சரி.

புதுச் சிலிண்டர் முதலில் ஒழுங்காகச் சுற்றவில்லை, ஓர் இடத்தில் உரசியது. வீட்டுக்காரர் கண்ணில் வெளிச்சம் வந்தது. அவர் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சின்ன அரம் ஒன்று எப்போதும் இருக்கும். ஓய்வு பெற்றுப் பதினேழு வருஷம் ஆகிறது, அரம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ரெண்டே ரெண்டு இழுப்பு அம்மிணி. பூப் போலச் சுத்தும்."

"தொட்டீங்கன்னா கைய ஒடச்சுப்போடுவேன். அரம் போடக் கூடாதுன்னு காயிதத்துல எழுதியிருக்குதுன்னு அக்கா படிச்சுச் சொன்னாங்க."

"முப்பத்தாறு வருசம் நான் போட்ட அரத்துலதான் உன்ற மில்லே ஓடுச்சு."

"மில்லு ஓடுச்சு. இது வெடிக்கும்."

கடைக்காரரிடமே கொண்டுபோய்ப் பொருத்தி வாங்கினோம். அவர் வேலை செய்கிறபோது வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை கிடைக்காத ஆள் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குத் திருவிழா. சிலிண்டர் கோத்திருக்கிற நடு அச்சை இழுப்பேன், சிலிண்டர் உள்ளங்கையில் வந்து விழும். மூடியைத் திறப்பேன். ஐந்து தோட்டா, ஒரு குழி காலி. மூடி, உள்ளே தள்ளு, அச்சைச் செருகு. தோட்டா சுண்டுவிரல் கனத்தில் இருக்கும், மரத்த விரலுக்கும் தட்டுப்படும். சாப்பாட்டு மேசையில் காலித் தோட்டாக் கூடுகளை வைத்துப் பழகினேன். மகள் மீட்டிங்கில் இருப்பாள், அவள் கணினிக்குப் பின்னால் 'டக், டக்' என்று கேட்கும். "அம்மா, என் மேனேஜர் என்ன சவுண்டுன்னு கேக்கறாரு" என்பாள். "வெத்தல இடிக்கறேன்னு சொல்லு" என்பேன். என் இரண்டு விரலுக்கும் மறுபடி வேலை கிடைத்துவிட்டது.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார். ஜனவரியில் புது வருஷத்தின் முதல் போட்டி. அன்றைக்குத்தான் அந்த வருஷத்துக்கு யார் யார் வரிசையில் நிற்பது என்று முடிவாகும்.

"அன்னிக்கு அஞ்சு சுத்தும் மத்தவங்களோட சேந்து நெரப்பி, சேந்து சுட்டீங்கன்னா உங்க எடம் உங்களுக்குத்தானுங்க. யாரையும் காக்க வெக்கக் கூடாது. முடியலீனா நெழல்ல சேர் இருக்குது. சரிங்களா?"

"சரிங்க" என்றேன்.

போட்டிக்கு முதல் நாள் மதியம் கராஜில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தேன். கராஜில் நல்ல வெயில். நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை. மகள் மொத்தத்தையும் புளியோதரைக்கு ஊற்றிவிட்டாள். ஃப்ரீமான்ட் ஊரில் இருக்கிற என் தங்கச்சி அங்கே மோரி அவென்யூக் கடைத்தெருவில் வாங்கி அனுப்பிய தேங்காயெண்ணெய் இருந்தது, மரச்செக்கில் ஆட்டியது. அதுவும் சமையல் எண்ணெய்தானே? முக்கியமான நாள் என்று தாராளமாகவே ஊற்றினேன். நடு அச்சு முழுக்க, சிலிண்டரின் உள்துளை முழுக்க. வீட்டுக்காரர் பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது.

ராத்திரியோடு ராத்திரியாக வடக்கேயிருந்து குளிர் இறங்கிவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. நான் சேலைக்குள் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், மேலே தோல் பெல்ட். மைதானத்தில் எல்லார் மூச்சும் புகையாகப் போனது. முதல் ஐந்து பேரில் என் பெயர். மேசைக்குப் போனேன். தோட்டா போடுவதற்கு முன்னால் காலித் துப்பாக்கியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். சுத்தியலை இழுத்தேன், இழுத்தால் சிலிண்டர் ஒரு குழி நகர வேண்டும். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். சிலிண்டர் அசையவே இல்லை. பசை போட்டு ஒட்டிய மாதிரி நின்றது.



பக்கத்து நால்வரும் எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். உள்ளே ஸ்பிரிங் போச்சு என்றார் ஒருவர். பொருத்தினதே சரியில்லை என்றார் இன்னொருவர். தலைவர் வந்து வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. நிமிர்ந்து, மேசைக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் பையில் எட்டிப் பார்த்த அரத்தையும் பார்த்தார். சங்கத்தில் அந்த அரத்தைத் தெரியாதவர் கிடையாது.

"ஐயா, நீங்க இதுல கைய வெச்சீங்களா?"

எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. காலையில் குளியலறையில் தேங்காயெண்ணெய்ப் பாட்டில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து நின்றதைப் பார்த்துவிட்டு, கரண்டிக் காம்பால் குத்தி எடுத்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டு வந்தவள் நான். கோயமுத்தூர் மார்கழியிலேயே உறைகிற எண்ணெய், டெக்சாஸ் ஜனவரியில் சும்மா இருக்குமா? உலகத்தில் எந்தத் துப்பாக்கிக்காரனும் செய்யாத தப்பு. இத்தனை பேருக்கு நடுவில், துப்பாக்கி கழுவுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், எப்படி வாயைத் திறப்பேன்?

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்.

"ஆமாங்க. நாந்தான். கொஞ்சமா அரம் போட்டேன்."

பொய். அந்தச் சிலிண்டரை அவர் விரலால்கூடத் தொட்டதில்லை. மூன்று மாதமாக நான் தொட விட்டதில்லை.

தலைவர் துப்பாக்கியை மேசையில் மெதுவாக வைத்தார். "அரம் பட்ட சிலிண்டரக் களத்துல விட முடியாதுங்க. யாருக்கும் நல்லதில்ல. மன்னிச்சுக்குங்க அம்மா." சொல்லிவிட்டு நிழலில் கிடந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். மேசையில் தாளும் பென்சிலும் தயாராக இருந்தன.

எனக்கு மானம் மிஞ்சட்டும் என்று அவர் தன் முப்பத்தாறு வருஷத்து வேலையைக் கெட்ட வேலை என்று பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டார். அதே வார்த்தை என்னை நாற்காலிக்கு அனுப்பவும் போகிறது. இது அவருக்குத் தெரியவில்லை, பாவம். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"ஏனுங், சும்மா இருங்க" என்று அதட்டினேன். பிறகு தலைவரிடம் என் இங்கிலீஷில் சொன்னேன். "ஹீ நோ டச். மீ. கோகனட் ஆயில். கோல்டு. ஆயில் ஸ்டோன்."

யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்கு மட்டும் புரிந்தது. என் குளியலறையில் அந்தப் பாட்டிலைப் பார்த்தவர். அவர் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது.

நான் பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். கழுவுவதற்கு எப்போதும் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுபோவேன். அச்சைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "இழுங்க. அரம் வேண்டாம், கை போதும்." அவர் துணியைச் சுற்றி ஒரு திருகு திருகி இழுத்தார். அச்சு வெண்ணெய் பூசின கரண்டி மாதிரி வெளியே வந்தது. அதில் அப்பியிருந்த வெள்ளையைத் தலைவர் விரலில் தொட்டு முகர்ந்தார்.

"இது என்ற வீட்டுக்காரி குக்கியில போடற வாசமாச்சே!"

எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீரை ஊற்றி, காலிச் சிலிண்டரையும் அச்சையும் உள்ளே போட்டேன். எண்ணெய் உருகி ரசத்தில் நெய் மாதிரி கண்கண்ணாக மேலே மிதந்தது. சுற்றி நின்ற தொப்பிக்காரர்கள் எல்லாரும் குனிந்து டம்ளருக்குள் பார்த்தார்கள். எடுத்துத் துடைத்தேன். அக்கா தன் ஆலிவ் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டார். தலைவரே கண்ணாடி போட்டுக்கொண்டு சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து, அரம் பட்ட தடம் இருக்கிறதா என்று ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். உள்ளே போட்டுச் சுற்றினார். 'கிளிக், கிளிக்' என்று ஆறு முறை நின்று சுற்றியது.

"அடுத்த அஞ்சு பேரோட நில்லுங்க" என்றார். "அதுக்கு மேல தவண கெடையாதுங்கம்மா."

"தேவையில்லீங்க" என்றேன்.

வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டேன். "எதுக்கு அப்பிடி ஒரு பொய்யி?"

"உன்ற மொகம் போன போக்கு அப்பிடி. நேத்து எண்ணெய ஊத்தறப்பவே நெனச்சேன்."

"நெனச்சவரு வாயத் தொறந்து சொல்லறதுக்கென்ன?"

"சொன்னா கைய ஒடைப்பீயே."

 மஃப்ளரைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றிவிட்டு மேசைக்குப் போனேன்.

அடுத்த ஐவரில் நான் மூன்றாவது. அச்சை இழுத்தேன், சிலிண்டர் கையில் விழுந்தது, மூடி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஒரு குழி காலி, மூடி, உள்ளே. நிமிர்ந்தால் ஒருவர் இன்னும் கேப்போடு போராடிக்கொண்டிருக்கிறார். குளிரில் எல்லார் விரலும் மரத்துப்போகும் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. நான் வானத்தைப் பார்த்தேன். மிக நன்றாக இருந்தது வானம்.

கோட்டில் போய் நின்றேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். முதல் குண்டு, கணீர். புகை முகத்தில் அடித்தது, கந்தக வாசம். இரண்டாவது, கணீர். மூன்றாவது எங்கே போனதோ, மாட்டுப் பண்ணைக்காரருக்குத்தான் தெரியும். நான்காவது, ஐந்தாவது, இரண்டும் கணீர். புகை விலகுகிறவரை அங்கேயே நின்றேன். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். அது அக்கா. அவருக்கு இரண்டு விரல் வைத்து விசிலடிக்க வரும்.

ஐந்து சுற்றும் முடித்தேன். ஒரு முறைகூட வரிசை எனக்காக நிற்கவில்லை. கடைசிச் சுற்று முடிந்ததும் தலைவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், அந்த வருஷத்து வரிசையில் நிற்பவர்களின் கையெழுத்துக்கு. நான் தமிழில் போட்டேன், நிதானமாக, ஓர் எழுத்தும் விடாமல். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இந்தத் தாளில் பார்க்க லட்சணமாக இருக்கிற கையெழுத்து இது ஒன்றுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கதவைத் திறந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் கரி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"என்னம்மா, வின் பண்ணிட்டியா?"

"பதினொண்ணாவது."

"எத்தன பேர்ல?"

"பதினாலு" என்றார் அவள் அப்பா.

"பதினொண்ணாவது வந்ததுக்கா ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கறீங்க?"

"பன்னெண்டாவது யாருன்னு கேளு கண்ணு" என்றேன். பன்னிரண்டாவது எங்கள் தலைவர், அவர் துப்பாக்கியில் உடைந்த கேப் துண்டு ஒன்று சிக்கி, அன்றைக்கு அவருக்கு ஒரு சுற்று முழுக்கப் போய்விட்டது.